விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

யீஷூன்வாசி:

எனக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது, இரண்டாம் வகை. முதல் வருடம் முழுக்கக் காலையில் விரலைக் குத்துவேன், வந்த எண்ணை நோட்டில் எழுதுவேன். அது என்ன சொல்கிறது என்று யாரையும் கேட்டதில்லை.

மதுரையில் இருக்கும் அக்கா ஒருநாள் போனில், "எனக்கு இன்னிக்கு 148, உனக்கு எவ்வளவுடி?" என்றார். 8.2 என்றேன். "எட்டைத் தாண்டிடுச்சா? ஏழுக்குள்ள இருக்கணும்னு எங்க டாக்டர் சொல்றாரே!" என்று பதறிப்போனார். அன்று இரவு எனக்கும் தூக்கமில்லை.

பலதுறை மருந்தகத்துத் தாதி ஒரு தாளில் எழுதிக் காட்டியதும்தான் தெளிந்தது. ஊரில் மில்லிகிராம் கணக்கு, இங்கே சிங்கப்பூரில் மில்லிமோல் கணக்கு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் ஊர்க்கணக்கு வந்துவிடும். 8.2 என்பது ஏறக்குறைய 148. அக்காவுக்கும் எனக்கும் அன்று ஒரே அளவுதான்! அவர் சொன்ன ஏழு, ஹெச்பிஏ1சி என்ற வேறொரு ரத்தச் சோதனையின் எண். அது சதவீதத்தில் வருவது. சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதம் எப்படிப் போனது என்று காட்டும். சோதனைக்கு முந்திய இரண்டு நாள் சோற்றைக் குறைத்துக்கொண்டு போனால் அது பெரிதாக மாறாது.

இன்னொரு நாள் தேக்காவில் வாங்கிய மாம்பழத்தை நறுக்கிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு குத்தினேன். 13.4! நான் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் பார்த்தேன். 7.1. விரலில் இருந்த பழச்சாறு ரத்தத்துளியோடு கலந்திருக்கிறது. அந்த எண்ணை நம்பி நான் ஏதாவது செய்திருந்தால்? இப்போது கை கழுவாமல் கருவியைத் தொடுவதே இல்லை.

எனக்கு உண்மையில் கண் திறந்தது சோடியாகப் பார்க்க ஆரம்பித்த பிறகு. சாப்பிட உட்காரும்முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒன்று. மூன்று தோசை, கெட்டிப்பால் ஊற்றிய கோப்பி: 6.4 இருந்தது 12.1 ஆனது. மறுவாரம் இரண்டு தோசை, நிறைய சாம்பார், கோப்பி ஓ கொசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி), புளோக்கைச் சுற்றி இருபது நிமிட நடை: 6.3 இருந்தது 8.8-இல் நின்றது. ஒரு வருடம் எழுதிய காலை எண்கள் இதை எனக்குச் சொல்லவே இல்லை. டாக்டர் எனக்கு வைத்த அளவு, சாப்பிடும்முன் 4 முதல் 7, சாப்பிட்டபின் 10-க்குள். உங்களுடையதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், வயதானவர்களுக்குத் தளர்த்தி வைப்பார்கள்.

தெம்பனிஸ் தம்பி:

அக்கா, எங்களுக்கு நேர்ந்தது தாழ்ந்த சர்க்கரை. அப்பா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர். விரதமிருந்தும் வழக்கம்போல சர்க்கரையைக் குறைக்கும் கிளிபிஸைட் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போய்ச் சேருவதற்குள் கை நடுங்கி, சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. வெயில் என்றுதான் நினைத்தேன். பையில் கருவி இருந்ததால் பார்த்தேன், 3.3. நாலுக்குக் கீழே போனால் உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று தெரியும். பாக்கெட் ஜூஸ் குடிக்கவைத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 4.9. பிறகு வாழைப்பழமும் ரொட்டியும் கொடுத்தோம். இப்போதெல்லாம் விரதத்துக்கு முன்னாடியே டாக்டரைப் பார்த்து மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிடுகிறோம்.

ஒரு சந்தேகம். அப்பாவுக்கு விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய்விட்டது, குத்தவே விடமாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

யீஷூன்வாசி:

நல்லவேளை தம்பி, கருவி கையோடு இருந்தது. அப்பா விரல் நுனியின் நடுவில் குத்துகிறாரா என்று பாருங்கள். விரலின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. தினம் ஒரு விரலாக மாற்றுங்கள், ஊசியும் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்கட்டும். ரத்தம் வரவில்லை என்றால் விரலைப் பிதுக்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் கழுவி, கையைக் கீழே தொங்கவிட்டால் தானே வரும். ரத்தத்துளியை வைக்கும் ஸ்ட்ரிப் இருக்கும் டப்பாவின் மூடியையும் உடனே மூடச் சொல்லுங்கள், நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு அது சீக்கிரம் கெட்டுவிடும்.