வேடியப்பன் மார்பில் மனை எண்

தருமபுரி:
அதியமான்கோட்டைப் பக்கம் மேட்டைச் சமப்படுத்தி வீட்டு மனை போட்டார்கள். எங்கள் ஆயா ஆண்டுதோறும் பொங்கல் வைத்து, வேடியப்பன் என்று கும்பிட்டு வந்த நடுகல்லுக்கு, எல்லைக்கல்லுக்கு அடிப்பதுபோல் சுண்ணாம்பு அடித்து, ஓங்கிய வாளுக்கும் இடுப்புக் கச்சைக்கும் நடுவே சிவப்புப் பெயின்டில் 14 என்று எழுதியிருந்தார்கள். ஆயா முந்தானையை நனைத்து அந்த எண்ணை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தார். அளக்க வந்த பையன், "அது வித்துப்போச்சு ஆயா" என்றான். "இவனுக்கு யாருடா கிரயம் எழுதிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். பையன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மனைக்குப் போய்விட்டான்.

காரிமங்கலம்:
மனை போட்டவரை மட்டும் குற்றம் சொல்வதை ஏற்க முடியவில்லை. சங்ககாலச் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை, தகடூர் என்ற இந்தத் தருமபுரியை வென்ற காலத்திலிருந்து இந்த மண் எத்தனையோ கை மாறிவிட்டது. இப்போது விற்பவர்கள், வற்றிய போர்வெல்லுக்கும் மகள் கல்யாணத்துக்கும் கடன்பட்ட நம் ஆட்கள்தான். எங்கள் ஊரில் சாலையை அகலப்படுத்தியபோது, பூப்போட்டு உத்தரவு கேட்டு, வேடியப்பனை நாங்களே தள்ளி நட்டோம். அருங்காட்சியகத்துக்குப் போன நடுகற்களுக்குப் பெயர்ப்பலகை கிடைத்தது, படையல் கிடைக்கவில்லை. எங்களவருக்கு இன்றும் கிடைக்கிறது. ஏரியைப் பார்த்து நின்றவர் இப்போது பெட்ரோல் பங்கைப் பார்த்து நிற்கிறார், அது ஒன்றுதான் உறுத்துகிறது.

பர்கூர்:
எங்கள் பக்கம் பாட்டிமார்கள் குள்ளர் வீடு என்று சொல்லிவந்த கல்திட்டையின், அதாவது பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச்சின்னத்தின், மூடுகல் ஒருவர் வீட்டில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்ததைப் பார்த்தேன். எங்கள் பக்கத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்ட பிறகும் அந்தக் கல் அங்கேயேதான் கிடந்தது.

தருமபுரி நண்பருக்குச் சில வார்த்தைகள். சுண்ணாம்பை உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள். தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். நம் பக்கத்துப் பழைய நடுகல்லில் எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் வீரனின் தலைக்கு மேலே, பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தில் இருக்கும் என்பதால், எண்ணெய் பூசாமல், காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள். சர்வே எண்ணையும் கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதையும் எழுதி, கல்லை நகர்த்தும் முன்பே, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். காரிமங்கலத்தார் சொல்வதுபோல் நட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் அடியில் சிமென்ட் கொட்டினால் கீழ்ப்பகுதி நிரந்தரமாக மறைந்துபோகும். 14ஆம் மனையை வாங்கியவர் யாரென்றும் விசாரியுங்கள். மூலையில் கல் நிற்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லையென்றால் பாதி வேலை முடிந்தது.