மறு: பந்தயத்தில் ‘சேவ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

பந்தயத்தில் கைவிட்டுப் போன வண்டியை விபத்தாகாமல் ஓட்டுநர் அடக்கிவிடுவதை ஆங்கிலத்தில் ‘சேவ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு ஒரே மடலில் பதில் எழுதுகிறேன்.

> ‘மீட்பு’ போதுமே. எளிய சொல், எல்லோருக்கும் தெரிந்தது.

எளிய சொல்தான். ஆனால் பந்தயக் களத்தில் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. சரளைக்கல்லில் புதைந்த வண்டியைக் கிரேன் வைத்துத் தூக்குவது மீட்பு. நொறுங்கிய வண்டியிலிருந்து ஓட்டுநரை வெளியே எடுப்பதும் மீட்பு. ‘முதல் வளைவில் மீட்பு’ என்று வர்ணனையில் சொன்னால் விபத்து நடந்து முடிந்தது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். நாம் பெயர் தேடுவதோ நடக்கவிருந்த விபத்து நடக்காமல் போன கணத்துக்கு.

> ‘காப்பு’? கோல்கீப்பர் பந்தைத் தடுப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தானே.

கோல்கீப்பர் வெளியிலிருந்து வரும் பந்தைத் தடுக்கிறார். ஓட்டுநருக்கு ஆபத்து வெளியிலிருந்து வரவில்லை. அவர் கையில் இருந்த வண்டியே கைவிட்டுப் போகிறது, அதை அவரே திரும்பப் பிடிக்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் நாமும் ஒன்றாக்க வேண்டியதில்லை.

என் பரிந்துரை: சுதாரிப்பு. வினையாகச் சொன்னால் ‘சுதாரித்தார்’. கால் இடறி விழப் போனவர் விழாமல் நின்றால் ‘சுதாரிச்சுக்கிட்டார்’ என்றுதானே சொல்கிறோம்? தடுமாற்றம், தன் முயற்சி, மறுபடி நிலைகொள்ளல் மூன்றும் அந்த ஒரு வினைக்குள் இருக்கின்றன.

சொல் தாங்குகிறதா என்று நிஜ நிகழ்வுகளில் வைத்துப் பார்ப்போம். 2016 பிரேசில் கிராண்ட் பிரீ என்ற ஃபார்முலா 1 கார் பந்தயம், இன்டர்லாகோஸ் பந்தயக் களம், கொட்டும் மழை. இரண்டாமிடத்தில் ஓடிக்கொண்டிருந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் வண்டி, நேர்பாதைக்கு ஏறும் மேட்டில் பின்பக்கம் வழுக்கிக் குறுக்கே திரும்பி, தடுப்பை நோக்கிப் போனது. தடுப்பில் படாமலே வண்டியை அடக்கி நேராக்கினார், இரண்டாமிடம்கூடப் பறிபோகவில்லை. ‘வெர்ஸ்டாப்பன் சுதாரித்தார்!’ வர்ணனையாளர் மூச்சுவிடாமல் கத்துவதற்கும் வாகான சொல். ‘நிலைமீட்பு’ என்று தூய சொல்லாக ஆக்கி, ‘வெர்ஸ்டாப்பன் நிலைமீட்பு அடைந்தார்’ என்று முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

மோட்டார்சைக்கிளுக்கும் இது பொருந்துகிறது. 2017-இல் ஸ்பெயினின் வாலென்சியாவில் நடந்த மோட்டோஜிபி மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் மார்க் மார்க்கெஸ் முன்னணியில் இருந்தபோது முதல் வளைவில் முன்சக்கரம் நழுவியது. வண்டி ஏறக்குறையப் படுத்தே விட்டது. முழங்காலையும் முழங்கையையும் தார்ச்சாலையில் ஊன்றி நிமிர்த்தி, சரளைக்குள் போய், மீண்டும் பாதைக்கு வந்து, மூன்றாமிடத்தில் முடித்து, அந்த ஆண்டு பட்டத்தையும் வென்றார். முழங்கை தரையில் உரசும் அந்தப் படத்தைப் பார்த்தவருக்குச் ‘சுதாரிப்பு’ என்பதை விளக்கவே வேண்டாம்.

> தப்பித்தல், மயிரிழையில் தப்பினார் – இவை ஏற்கெனவே நாளிதழ்களில் இருக்கின்றனவே.

இருக்கின்றன, அவை வேறொன்றுக்குத் தேவை. 1950 மொனாக்கோ பந்தயத்தில் முதல் சுற்றிலேயே துறைமுகத்தை ஒட்டிய வளைவில் பல வண்டிகள் மோதிக் கிடந்தன. முன்னணியில் இருந்த ஃபாஞ்சியோ அடுத்த சுற்றில் அங்கே வரும்போது, பார்வையாளர்களின் முகம் தன் பக்கம் திரும்பாததைக் கவனித்து, முன்னே ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகித்து வேகத்தைக் குறைத்தார் என்று சொல்லப்படுகிறது. அவர் வண்டி அவர் பிடியில்தான் இருந்தது. அது தப்பித்தல், சுதாரிப்பு அல்ல. இந்த எல்லைக்கோட்டை வரையறையில் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும்: முதலில் பிடிமானம் போயிருக்க வேண்டும்.

> சுதாரி என்பதன் வேர் தமிழல்லவே. தூய சொல் வேண்டும்.

ஆட்சேபத்தை மதிக்கிறேன். விதிநூல், பாடநூல் எழுதுவோர் ‘நிலைமீட்பு’ வைத்துக்கொள்ளட்டும். அகராதிப் பதிவில் இணைச்சொல்லாகக் கொடுப்போம். ஆனால் பேசுபவர் வாயில் இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டு ஆக்கிய சொல்லை முதன்மையாக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

துணைச்சொற்களிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் சுதாரிப்பு எப்படி நடக்கிறது என்று எழுதும்போது அவைதான் கைகொடுக்கும். பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்து வண்டியின் வால் வெளியே வீசுவதைப் ‘பின்வழுக்கல்’ எனலாம். அப்போது ஸ்டீயரிங்கை வழுக்கும் பக்கமாகவே திருப்புவது ‘எதிர்த்திருப்பல்’. வண்டி எந்தப் பக்கம் சுழலப் பார்க்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் என்பதால் இந்தப் பெயர். பதறி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து, பின்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைந்து, வழுக்கல் கூடும். இன்னும் நுட்பமானது அடுத்த கணம். டயர் மறுபடி பிடிக்கத் தொடங்குவதற்குள் ஸ்டீயரிங்கை நேராக்கிவிட வேண்டும். ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்தாலும் வண்டி மறுபக்கம் சாடும். பல விபத்துகள் இந்த இரண்டாவது வீச்சில்தான் நடக்கின்றன. இதற்கு ‘மறுவீச்சு’ என்று வைக்கலாமா?

முழுச்சுற்று சுழன்ற பிறகும் ஓட்டத்தைத் தொடர்வதைத் தனியாகச் ‘சுழன்று சுதாரித்தல்’ என்று பதியலாம். 1985-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்தில் டேனி சல்லிவன், மாரியோ ஆண்ட்ரெட்டியை முந்திய கையோடு 360 பாகை சுழன்றார், புகை மூட்டம், சுவரில் படவில்லை. பிறகு ஆண்ட்ரெட்டியை மறுபடி முந்தி வென்றார். 2022 ஹங்கேரியில் பத்தாமிடத்தில் தொடங்கிய வெர்ஸ்டாப்பனும் நடுவில் ஒரு முழுச்சுற்று சுழன்றுதான் வென்றார்.

எனக்கு முடிவு தெரியாத இடம் ஒன்று உண்டு. 2017 மெக்சிகோ ராலியின் (ராலி என்பது கட்டம் கட்டமாக நேரம் கணக்கிட்டுச் சாலைகளில் ஓடும் கார் பந்தயம்) கடைசிக் கட்டத்தில் ஓட்டுநர் கிரிஸ் மீக் சாலையை விட்டு விலகி, வேலியைத் தாண்டி, வாகன நிறுத்துமிடத்துக்குள் போய்விட்டார். நிறுத்தியிருந்த கார்களுக்கிடையே வழி தேடி வெளியேறி 13.8 நொடி வித்தியாசத்தில் வென்றார். பிடிமானம் போனது உண்மை. ஆனால் திரும்பி வந்தது வண்டியை அடக்கியதாலா, வழி கண்டுபிடித்ததாலா? இதைப் ‘பாதை திரும்பல்’ என்று பிரிக்கத் தோன்றுகிறது. ராலி தொடர்ந்து பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.

பதிவுக்கான வரைவு:

சுதாரிப்பு (பெ.): பிடிமானம் இழந்த வண்டியை, மோதாமலும் கவிழாமலும், ஓட்டுநர் தன் செயலால் மறுபடி கட்டுக்குள் கொண்டுவருதல். இணை: நிலைமீட்பு. வினை: சுதாரி. ஒப்பிடுக: தப்பித்தல், மீட்பு.

‘மறுவீச்சு’, ‘பாதை திரும்பல்’ இரண்டுக்கும் மாற்று இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்