கொரோனா சமயத்தில் முனிசிபல் ஸ்கூலுக்கு மாறியவர்கள்: மும்பை அனுபவங்கள்

தாராவிக்காரன்:
ஊரடங்கில் நான் வேலை பார்த்த தோல் பட்டறையை மூடிவிட்டார்கள். மகள் படித்த தனியார் இங்கிலீஷ் மீடியத்தில் ஃபீஸ் பாக்கி ஏறிக்கொண்டே போனது. 2022 ஜூனில் மாநகராட்சித் தமிழ் மீடியத்தில் சேர்த்தேன். "போயும் போயும் முனிசிபல் ஸ்கூலா?" என்று மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. சேர்க்கைக்குப் போனால், வரிசையில் பாதிப் பேர் எங்கள் சால்காரர்கள்தான் (சால் என்றால் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் குடியிருப்பு). இட்லி விற்கும் அண்ணாச்சியும் இரண்டு பையன்களோடு நின்றார்.

ஃபீஸ் கிடையாது. பை, சீருடை, நோட்டு, ஷூ என்று 27 பொருட்கள் இலவசம். மதியம் கிச்சடி. இதையெல்லாம் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் வகுப்பில் இடமில்லை. இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் மூன்று பேர். ஓரத்தில் இருக்கும் பிள்ளை பையை மடியில் வைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி எழுதும். கரும்பலகை நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. இடது பக்கம் மூன்றாம் வகுப்பு, வலது பக்கம் நான்காம் வகுப்பு, இரண்டுக்கும் ஒரே டீச்சர். மழைக்கான ரெயின்கோட் நவராத்திரி சமயத்தில் வந்து சேர்ந்தது. கல்விக்கு ஆயிரக்கணக்கான கோடி என்று பேப்பரில் போடுகிறார்களே, அது எங்கே போகிறது?

ஓய்வுபெற்ற டீச்சர், சயான்:
தம்பி, அந்தக் கோட்டை நானும் போட்டிருக்கிறேன். ஒரு டீச்சர் ரிடையர் ஆவார், அந்த இடத்துக்கு ஆள் வராது, பக்கத்து வகுப்பையும் நாமே பார்க்க வேண்டியதுதான்.

மும்பை மாநகராட்சி கல்விக்கென்று தனி பட்ஜெட் போடுகிறது. 2020-21இல் அது சுமார் 2,944 கோடி. அடுத்த ஆண்டு 2,945 கோடி. விலைவாசியும் இன்க்ரிமென்ட்டும் ஏறும்போது தொகை அப்படியே நின்றால் குறைந்ததாகத்தான் கணக்கு. அதில் பெரும்பகுதி சம்பளமும் பென்ஷனும். அதில் யாரும் கை வைக்க முடியாது. மிச்சத்தில்தான் பிடிப்பார்கள். குறைக்கிறோம் என்று எவரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். டெண்டர் தள்ளிப்போகும், கழிப்பறை ரிப்பேர் அடுத்த வருஷத்துக்குப் போகும், காலியிடம் காலியாகவே கிடக்கும்.

மாநகராட்சியின் பெரிய சொந்த வருமானமாக இருந்தது ஆக்ட்ராய், அதாவது நகருக்குள் வரும் சரக்குக்குப் போட்ட நுழைவு வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அது போய், மாநில அரசு தரும் ஈட்டுத்தொகையை எதிர்பார்க்கும் நிலை. 2022இல் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்குச் சொத்து வரியும் தள்ளுபடி. (எங்கள் வீடும் அதில் வருகிறது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.) வருமானம் இப்படி இருக்கும்போதுதான் வேலை போனவர்களின் பிள்ளைகள் எல்லாம் நம் பள்ளிக்கு வந்தார்கள். பணம் குறையும் வருஷத்தில்தான் பிள்ளைகள் கூடுவார்கள். பட்ஜெட் போடுகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்து நான் பார்த்ததில்லை. 2022-23இல் தொகை 3,370 கோடியாக ஏறியது. ஒரு லட்சம் புதுப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்ற இயக்கமும் அதே ஆண்டுதான். பிள்ளையை அன்றே சேர்த்துவிடலாம், டீச்சரை அப்படி நியமிக்க முடியாது.

பிப்ரவரியில் பட்ஜெட்டில் சொல்லும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அதே பட்ஜெட் புத்தகத்தில் போன வருஷத்துக்கான 'திருத்திய மதிப்பீடு' என்று ஒரு பத்தி இருக்கும். ஒதுக்கியது எவ்வளவு, பிறகு எவ்வளவாக ஆனது என்று அதில் தெரியும்.

ஆன்டாப் ஹில் அம்மா:
கார்ப்பரேட்டரிடம் (வார்டு கவுன்சிலரிடம்) கேட்கலாம் என்றால், 2022 மார்ச்சோடு அவர்கள் பதவிக்காலம் முடிந்து, அப்புறம் சில வருஷம் அரசு நியமித்த நிர்வாகிதான் பட்ஜெட்டே போட்டார். அதனால் நான் பள்ளி நிர்வாகக் குழுவில் சேர்ந்தேன். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும், குழுவில் பாதி இடம் பெண்களுக்கு. முதல் கூட்டத்தில் டீ, பிஸ்கட், கையெழுத்து, அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் "பெஞ்சு வேண்டும்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தோம். எழுதினால் கேட்டதற்கு ஆதாரம் இருக்கும், வாயால் கேட்டால் காற்றோடு போகும்.

பெஞ்சு வந்தது. புதுசு இல்லை. பிள்ளைகள் இல்லாமல் மூடிய வேறு மீடியப் பள்ளியிலிருந்து டெம்போவில் கொண்டுவந்தார்கள். மேல்பலகையில் யாரோ காம்பஸால் குஜராத்தியில் பேரைச் செதுக்கியிருந்தான். பரவாயில்லை, பிள்ளைகள் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு உட்காருகிறார்கள்.

தாராவிக்காரன்:
டீச்சரம்மா, அந்த பட்ஜெட் புத்தகம் மாநகராட்சி இணையதளத்தில் கிடைக்குமா? அக்கா, எங்கள் பள்ளியில் அப்படி ஒரு குழு இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை. யாரைக் கேட்க வேண்டும்?

ஆன்டாப் ஹில் அம்மா:
ஹெச்.எம்.தான் அந்தக் குழுவின் செயலாளர். அவரிடம் உறுப்பினர் பட்டியல் கேளுங்கள். உங்கள் பெயரே அதில் இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம், எங்கள் பள்ளியில் ஒருவருக்கு அப்படித்தான் தெரியவந்தது.