கணிபுலம், முன்வடி, பின்வடி

தரவுத்தளக் கலைச்சொற் பட்டியலில் "filtering on a computed column" என்பதற்கு "கணக்கிடப்பட்ட புலத்தின் மீதான வடிகட்டல்" என்று நீங்கள் போட்டிருப்பது பிழை இல்லை, ஆனால் பாடக்குறிப்பில் பத்து இடத்தில் எழுதிப் பாருங்கள், மூச்சு முட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் அந்தக் "கணக்கிடப்பட்ட". அது இறந்தகாலம். இங்கே வில்லங்கமே காலத்தில்தான்.

புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றின் விற்பனை அட்டவணை என்று வையுங்கள். விலை ஒரு புலம், அளவு ஒரு புலம். 18 வீத வற் (VAT) வரி சேர்த்த தொகை அட்டவணையில் எங்கும் இல்லை, தரவுத்தளத்திடம் கேட்கும் வினவலில்தான் பெருக்கி எடுத்து 'மொத்தம்' என்று மாற்றுப்பெயர் (alias) வைக்கிறோம். 900 ரூபாப்படி 100 துண்டு என்றால் 90,000, வற்றோடு 106,200. சரி, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டதை மட்டும் தா என்று வினவலில் நிபந்தனை சொல்லும் வெயார் (WHERE) பகுதியில் 'மொத்தம்' என்று எழுதினால், அப்படி ஒரு புலமே இல்லை என்று போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் திருப்பி அனுப்பிவிடும். உயர்தரப் பிள்ளைகள் முழிப்பது இந்த இடத்தில்தான், ஏனென்றால் எந்தப் புலங்கள் வேண்டும் என்று சொல்லும் செலக்ட் (SELECT) பகுதியை மேலே எழுதியிருந்தாலும் தர்க்க ஒழுங்கில் வெயார் முந்தி, செலக்ட் பிந்தி. வடிக்கிற நேரத்தில் இன்னும் வராத ஒன்றைப் போய்க் கணக்கிட்டாயிற்று என்றால் எப்படி?

ஆகவே என் தெரிவு கணிபுலம். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, மூன்று காலமும் உள்ளே. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் முன்கூட்டியே கணித்துச் சேமிக்கும் புலமும் உண்டு, வாசிக்கும்போது கணிக்கும் புலமும் உண்டு, இரண்டுக்கும் பொருந்தும். விளைபுலம் என்றும் வைக்கலாம், அழகுதான், ஆனால் அது விளைவிக்கும் நிலம். நமக்கு வேண்டியது விளைச்சல்.

வடிகட்டலையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். வெயார் முன்வடி. உள்வினவலில் மொத்தத்தை எடுத்து வெளிவினவலில் வடித்தால் பின்வடி. வரிகளைக் குழுவாக்கிய பிறகு வடிக்கும் ஹேவிங் (HAVING) பகுதியும் பின்வடிதான். அதிலும் மைஎஸ்கியூஎல் ஹேவிங்கில் மாற்றுப்பெயரை ஏற்கும், போஸ்ட்கிரெஸ் ஏற்காது, எஸ்கியூலைட் என்ற மூன்றாவது மென்பொருளோ வெயாரிலேயே அதை அனுமதித்துவிடும் (அந்தத் தாராளத்தால்தான் அதில் பழகியவர்கள் வேறிடத்தில் போய்த் தடுமாறுகிறார்கள்). வெயாரிலேயே முழுப் பெருக்கலையும் திரும்ப எழுதினால் எல்லாவற்றிலும் ஓடும், அப்போது அது முன்வடி, கணிபுலத்தைத் தொடவே இல்லை.

ஆட்சேபம் இல்லையென்றால் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். மாற்றுப்பெயர் அப்படியே இருக்கட்டும், தயவுசெய்து புனைபெயர் ஆக்கவேண்டாம்.