எரிந்தபின் எழுப்பிய சீடர் பாலம் வரலாற்றுச் சின்னமா?

நெடுவழி எழுதியது:

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள மேடிசன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒரு காலத்தில் 19 கூரைப் பாலங்கள் இருந்தன. இன்று ஆறு எஞ்சியிருப்பதாக எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. அந்த ஆறில் ஒன்றான சீடர் பாலத்தை 1883-இல் பென்டன் ஜோன்ஸ் கட்டினார். 2002-இல் யாரோ வைத்த தீயில் அது முழுவதும் எரிந்தது. பழைய அமைப்பைப் பின்பற்றி 2004-இல் எழுப்பிய பாலமும் 2017-இல் தீவைப்புக்கு இரையானது. இப்போது அங்கு நிற்பது 2019-இல் முடிக்கப்பட்ட மூன்றாவது கட்டுமானம். அதில் ஜோன்ஸின் கை பட்ட பலகை ஒன்றுகூட இல்லை. எனவே அதை 19-ஆம் நூற்றாண்டுப் பாலங்களின் வரிசையில் வைத்து எண்ணுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. எஞ்சியவை ஐந்துதான். இமெஸ், கட்லர்-டோனஹோ, ஹாலிவெல், ரோஸ்மன், ஹாக்பேக் என்னும் அந்த ஐந்தும் 1870-க்கும் 1884-க்கும் இடையில் கட்டப்பட்டவை. ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கும்போது, இந்த ஐந்தும் எவ்வளவு அரியவை என்பது மக்களின் பார்வையிலிருந்து மறைந்துபோகிறது.

மரத்தச்சு எழுதியது:

நெடுவழி அவர்களே, உங்கள் அளவுகோலை மற்ற ஐந்து பாலங்களின்மீதும் வைத்துப் பாருங்கள். ரோஸ்மன் பாலம் 1992-இல் 1,52,515 டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டது. ஹாலிவெல் பாலத்துக்கு 1995-இல் இன்னும் கூடுதலாகச் செலவானது. இமெஸ் பாலம் 1870-இல் மிடில் ஆற்றின்மீது கட்டப்பட்டு, 1887-இல் வேறோர் ஓடைக்கு இடம் மாறி, 1977-இல் செயின்ட் சார்ல்ஸ் என்னும் சிற்றூரின் ஓரத்துக்குக் கொண்டுவரப்பட்டது. கட்லர்-டோனஹோ பாலம் நார்த் ஆற்றிலிருந்து பெயர்க்கப்பட்டு 1970 முதல் வின்டர்செட் நகரப் பூங்காவில் நிற்கிறது. நீங்கள் உண்மையானது என்று கொண்டாடும் அந்தப் பாலத்தின் அடியில் அது தாண்டுவதற்காகக் கட்டப்பட்ட ஆறு இல்லை.

இந்தப் பாலங்களுக்குக் கூரை ஏன் வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாலத்தின் தளத்துக்குப் போடும் கனத்த மரம் விலை மிகுந்தது. பக்கங்களையும் மேலேயும் மூடும் பலகை மலிவானது. மழையும் வெயிலும் முதலில் மலிவான பலகையைத் தாக்கட்டும், அது கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம் என்னும் கணக்கில்தான் கவுண்டி நிர்வாகம் இவற்றை மூடச் சொன்னது. மாற்றிக்கொண்டே இருப்பது என்பது இவற்றின் வடிவமைப்பிலேயே உள்ள எண்ணம். ஜோன்ஸ் பயன்படுத்திய பின்னல் சட்டகம், இத்தியேல் டவுன் என்னும் கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை பெற்ற முறை. பலகைகளை எதிரெதிர்ச் சாய்வில் குறுக்காக அடுக்கி இணைத்தால் அவையே சுமையைத் தாங்கும். பெரிய உத்தரங்களோ தேர்ந்த இரும்பு வேலையோ தேவையில்லை. சாதாரணத் தச்சர்கள் கட்டிவிடலாம் என்பதற்காகவே அந்த முறை நாடெங்கும் பரவியது. அதே முறையில், அதே ஓடையின்மீது, அதே பாதையில் 2019-இல் தச்சர்கள் மறுபடியும் கட்டினார்கள் என்றால் மரபு தொடர்கிறது என்றுதான் பொருள். ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக எழுப்புகிறார்கள்; 2013-இல் நடந்தது 62-ஆவது முறை. அதைப் போலி என்று எவரும் சொல்வதில்லை.

நெடுவழி எழுதியது:

இசே இங்கே பொருந்தாது. அங்கே புதுப்பிப்பதே வழிபாட்டின் ஒரு பகுதி. பழைய ஆலயம் நிற்கும்போதே புதியது பக்கத்து நிலத்தில் எழுகிறது. தச்சுக்கலை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. மேடிசனில் நடந்தது வேறு. 1883-க்கும் 2004-க்கும் இடையில் 121 ஆண்டுகள் உள்ளன. ஜோன்ஸிடம் வேலை கற்றவர்கள் எவரும் அப்போது உயிரோடு இருந்திருக்க முடியாது. வரைபடத்தைப் பார்த்துக் கட்டியதை நான் மதிக்கிறேன். ஆனால் அதைத் தொடர்ச்சி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

பழுது பார்ப்பதற்கும் திரும்பக் கட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் ஒரே வீச்சில் அழித்துவிட்டீர்கள். பழுது பார்த்த பாலத்தில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு மரமும் ஓர் ஆவணம். அறுவை வாளின் தடம், மரத்தின் இனம், ஆண்டு வளையங்கள், துளைகளின் இடைவெளி ஆகிய இவற்றை நாளை ஓர் ஆய்வாளர் படிக்கலாம். இன்று நமக்குத் தோன்றாத கேள்விகளையும் அந்த மரத்திடம் கேட்கலாம். புதிய பாலம் நாம் ஏற்கெனவே அறிந்ததை மட்டுமே திருப்பிச் சொல்லும். பழைய சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், சிதறிக் கிடக்கும் பழைய பகுதிகளையே மீண்டும் பொருத்துவதைத் தவிர மற்ற மறுகட்டுமானத்தை முன்கூட்டியே விலக்கி வைத்தது இதனால்தான்.

அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டின் விதியும் என் பக்கமே நிற்கிறது. மறுகட்டுமானம் ஒன்றை அதில் சேர்க்க வேண்டுமானால் அது துல்லியமாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும், பொருத்தமான சூழலில் ஒரு மீட்புத் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும், அதே தொடர்பைக் காட்டும் வேறு கட்டடம் எதுவும் எஞ்சியிருக்கக் கூடாது. ஜோன்ஸ் கட்டிய ஹாலிவெல், ரோஸ்மன், ஹாக்பேக் மூன்றும் அதே கவுண்டியில், கட்டிய இடத்திலேயே நிற்கும்போது கடைசி நிபந்தனை எப்படி நிறைவேறும்?

ஊர்க்கணக்கு எழுதியது:

இருவரும் வரலாற்றுச் சின்னம் என்னும் பட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கவலை தருவது நெருப்பு. மேடிசன் கவுண்டியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி 16,548. இவ்வளவு சிறிய வரிப்பணத்தில் சாலை, பாலம், காவல், நீதிமன்றம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிர்வாகம் அது. தேசியப் பதிவேட்டில் பெயர் இருப்பது பெருமைதான். சில மானியங்களுக்கு வழியும் திறக்கும். ஆனால் அந்தப் பெயர் தீயை அணைக்காது. தனியார் ஒருவர் தம் பணத்தில் தம் கட்டடத்தை இடிக்க முன்வந்தால் அதையும் தடுக்காது. 1983-இல் இதே கவுண்டியின் மற்றொரு கூரைப் பாலமான மெக்பிரைட் எரிந்தது, 2002-இல் சீடர், 2017-இல் மறுபடியும் சீடர். 35 ஆண்டுகளுக்குள் மூன்று தீ. ஆள் நடமாட்டமில்லாத கிராமப் பாதையில், காய்ந்த மரத்தாலான கூடு ஒன்று இரவு முழுவதும் காவலின்றி நிற்கிறது. ஹாலிவெல் 122 அடி நீளமுள்ள, 1880-ஆம் ஆண்டின் மூலப் பாலம். அது எரிந்தால் உங்கள் இருவரின் வாதமும் ஒரே இரவில் பொருளற்றுப் போகும். மறுகட்டுமானத்துக்கு ஆகும் பணத்தின் ஒரு பகுதியைத் தீத்தடுப்புப் பூச்சுக்கும் கண்காணிப்புக்கும் முதலில் ஒதுக்க வேண்டும் என்பதே என் நிலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1992-இல் வந்த ‘தி பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுண்டி’ என்னும் நாவலும் அதே பெயரில் 1995-இல் வந்த திரைப்படமும் இந்தப் பாலங்களை உலகறியச் செய்தன. அவை இல்லாவிட்டால் சீடர் பாலத்தை இருமுறை எழுப்ப இத்தனை உற்சாகம் இருந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. வின்டர்செட் நகர நடுவில், உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லால் 1870-களில் எழுப்பிய, குவிமாடம் கொண்ட நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. என் பார்வையில் கவுண்டியின் மிகச் சிறந்த கட்டடம் அதுதான். அதைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் எத்தனை பேர்?

மரத்தச்சு எழுதியது:

ஊர்க்கணக்கு அவர்களே, தீத்தடுப்பைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாறுபாடே இல்லை. ஆனால் நாவலுக்கு இவ்வளவு பெருமை தர வேண்டாம். அந்த ஊரில் கூரைப் பாலத் திருவிழா 1970-இல் தொடங்கிவிட்டது. கட்லர்-டோனஹோவைப் பூங்காவுக்குக் கொண்டுவந்ததும் அதே ஆண்டுதான். நாவல் வருவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மக்கள் தம் பாலங்களின் அருமையை உணர்ந்து, தூக்கிச் சென்றாவது காப்பாற்றியிருக்கிறார்கள். 2002 தீக்குப் பின் அவர்கள் காட்டிய வேகம் அந்தப் பழைய அக்கறையிலிருந்து வந்தது.

நெடுவழி அவர்களே, மரம் ஓர் ஆவணம் என்பதை ஏற்கிறேன். ஆனால் பாலம் என்பது ஒரு கடவையும்கூட. சீடர் பாலமே 1921-இல் வேறு சாலையிலிருந்து இன்றைய இடத்துக்குப் பெயர்க்கப்பட்டதுதான். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக மக்கள் அந்த ஓடையை அதன் வழியாகவே கடந்திருக்கிறார்கள். வண்டிகள் ஓடும் கூரைப் பாலமாக அது இருந்ததுதான் அதன் தனிச்சிறப்பு. மற்றவற்றில் நாம் நடந்து பார்க்கிறோம், அவ்வளவே. அந்த இடத்தில் கான்கிரீட் பாலம் ஒன்றைப் போட்டிருந்தால் உங்கள் எண்ணிக்கை தூய்மையாக இருந்திருக்கும்; கடவை மட்டும் நினைவிலிருந்து போயிருக்கும். மறைந்துபோன 13 பாலங்களும் அப்படித்தான் நினைவிலிருந்து போயின. அவற்றில் எத்தனை பாலங்களின் பெயர் இன்று நம் இருவருக்கும் தெரியும்?

நெடுவழி எழுதியது:

பாலத்தைக் கட்டியிருக்கக் கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை. கான்கிரீட்டைவிட மரப்பாலம் நல்லது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பார்க்க வருகிறவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை. 1883-இல் கட்டப்பட்டது, 1921-இல் இடம் மாறியது, 2002-இல் எரிந்தது, 2004-இல் எழுந்தது, 2017-இல் மறுபடி எரிந்தது, 2019-இல் மறுபடி எழுந்தது என்று ஆறு ஆண்டுகளையும் நுழைவாயிலில் ஒரே அளவு எழுத்தில் பொறிக்க வேண்டும். 1883 மட்டும் பெரிதாகவும் மற்றவை அடியில் சிறிதாகவும் இருக்கும் பலகை எனக்கு ஏற்புடையதன்று. துண்டறிக்கைகளிலும் ‘ஐந்து பழைய பாலங்களும் ஒரு மறுகட்டுமானமும்’ என்றே அச்சிட வேண்டும்.

மரத்தச்சு எழுதியது:

ஆறு ஆண்டுகளையும் ஒரே அளவில் பொறிப்பதற்கு நான் முழு மனத்தோடு இசைகிறேன். எரிந்த கதையும் அந்தப் பாலத்தின் கதையே. துண்டறிக்கையில் தனியாகப் பிரிப்பதற்கு மட்டும் இசைய மாட்டேன். இமெஸ் பாலத்தை ‘இருமுறை இடம் மாறியது’ என்று எவரும் வேறு வரிசையில் வைக்கவில்லை. நீங்கள் காட்டிய அதே பதிவேட்டு விதிகளின்படி, பொதுவாக 50 ஆண்டு கடந்த கட்டுமானத்தை அதன் சொந்தத் தகுதியில் எடைபோடலாம். 2069-இல் இந்தப் பாலத்துக்கு அந்த வயது வரும். அப்போது அதைக் கட்டியவர்களின் வேலைத்திறத்தையும், இருமுறை எரிந்தும் விடாத ஓர் ஊரின் பிடிவாதத்தையும் வைத்து அன்றைய ஆய்வாளர்கள் முடிவு செய்யட்டும்.

ஊர்க்கணக்கு எழுதியது:

2069 வரை அது நிற்க வேண்டுமானால் முதலில் தீ உணர்விகள் வேண்டும். ஹாலிவெல், ரோஸ்மன், ஹாக்பேக் மூன்றும் முதலில், சீடர் அவற்றுக்கு அடுத்து என்ற வரிசையை நான் முன்வைக்கிறேன். இழந்தால் திரும்பக் கட்ட முடியாத மரம், கட்டிய இடத்திலேயே நிற்பது அந்த மூன்றில்தான். இந்த வரிசைக்கு உங்கள் இருவரில் எவருக்கேனும் மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.