மறு: 'ஃபினிஷிங் ஹெர்ப்' – இறக்குதழை எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நம் சமையல் சொற்பட்டியலில் 'ஃபினிஷிங் ஹெர்ப்', அதாவது சமையல் முடியும்போது மணத்துக்காகச் சேர்க்கும் தழை, என்ற இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ்ப்பெயர் முடிவாகாமல் நிற்கிறது. வந்த பரிந்துரைகளை ஒட்டிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

> 'இறுதி மூலிகை' என்றால் நேரடியாகப் புரியுமே?

எனக்கு உடன்பாடில்லை. மூலிகை என்றதும் கஷாயமும் லேகியமும்தான் நினைவுக்கு வரும். கொத்தமல்லியை எந்த அடுக்களையில் மூலிகை என்கிறார்கள்? 'இறுதி' என்ற சொல்லுக்கும் அடுப்படிக்கும் ஒட்டவே ஒட்டாது.

> 'அலங்காரத் தழை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

அது 'கார்னிஷ்' என்பதற்குச் சரி. அலங்காரம் கண்ணுக்கானது, நாம் பெயர் தேடுவது மணத்துக்காகக் கடைசியில் சேர்க்கும் தழைக்கு. மேலே தெரியாதபடி உள்ளே கிளறிவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் குறிப்பைப் படிப்பவர் 'அழகுக்குத்தானே' என்று விட்டுவிடுவார்.

என் பரிந்துரை இறக்குதழை. 'இறக்கும்போது மல்லித்தழை கிள்ளிப் போடு' என்று அன்றாடம் சொல்கிறோம். செயலும் நேரமும் அந்த ஒரு வினையிலேயே இருக்கின்றன. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. அதனால் நடுவில் 'த்' மிகாது. இதற்கு இணையாகக் கறிவேப்பிலைக்குத் தாளிதழை என்று வைக்கலாம்.

பேசில் (திருநீற்றுப்பச்சை) இலையை வைத்துச் சோதித்தால் இந்தப் பிரிவு எவ்வளவு தேவை என்று தெரியும். அதன் மணம் இலைப்பரப்பில் உள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினாலே அவை உடைந்து வாசம் எழும். லினலூல், யூஜெனால் போன்ற அந்த மணப்பொருள்கள் சூட்டில் எளிதில் ஆவியாகிவிடும். பச்சை இலையைத் தக்காளிச் சாற்றோடு அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் வாசம் அடுக்களை முழுக்கப் பரவும், சட்டியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். கறிவேப்பிலையை நாம் காய்ந்த எண்ணெயில் பொரியவிட்டு, அதன் மணத்தை எண்ணெய்க்கு மாற்றுகிறோம். இரண்டும் பச்சைத் தழைதான், ஆனால் வேலை செய்யும் விதமே வேறு.

பேசிலைச் சூடு காட்டாமல் சேர்ப்பதன் உச்சம், இத்தாலியில் ஜெனோவா நகரின் பெஸ்தோ என்ற பச்சை அரைப்பு. அங்கே இலை அடுப்பைப் பார்ப்பதே இல்லை. சலவைக்கல் உரலில் பூண்டையும் கல்லுப்பையும் முதலில் நசுக்கி, இலைகளைப் போட்டு மர உலக்கையால் சுழற்றி அரைத்து, பைன் கொட்டை, பார்மிஜானோ, பெக்கொரினோ பாலாடைக்கட்டிகள், ஆலிவ் எண்ணெய் என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். வெந்த பாஸ்தாவோடு கலக்கும்போதும் பெஸ்தோவை வாணலியில் சூடாக்குவதில்லை. பாஸ்தா வெந்த நீரில் ஒரு கரண்டி விட்டு இளக்குவதோடு சரி. வீட்டில் மிக்சியில் அரைப்பவர்கள் ஜாரைக் குளிரவைத்து, விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறிப் பச்சை நிறம் பழுப்பாகிவிடும். பசுமை நிலைக்க வேண்டுமென்றால் இலையைக் கொதிநீரில் பத்துப் பதினைந்து விநாடி முக்கி, உடனே பனிநீருக்கு மாற்றிப் பிழிந்துகொள்ளலாம். கறுக்கச் செய்யும் நொதி அதில் அடங்கிவிடும். மணமும் சற்றுக் குறையும். நான் முக்காமல் அரைப்பதையே விரும்புவேன்.

காப்ரி சாலட்டில் தக்காளி, மொசரெல்லாவுக்கு நடுவே முழு இலை. தக்காளி சாஸில் அடுப்பை அணைத்தபின் கையால் கிழித்துப் போடுவது. வியட்நாமின் நூடுல்ஸ் சூப்பான ஃபோவுக்குத் தட்டில் தனியாகக் கொத்தோடு வைத்துவிடுவார்கள், சாப்பிடுபவரே கிள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாமே இறக்குதழைதான்.

> அப்படியானால் தாய்லாந்துச் சமையலில் வாணலியில் வதக்குகிறார்களே?

நல்ல கேள்வி. இதற்கு இலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பச்சைநிறக் கறியில் ('கிரீன் கறி') போடும் ஹோரபா, பேசில் இனத்தைச் சேர்ந்தது. கறியை இறக்கும் தறுவாயில்தான் சேர்ப்பார்கள். 'பத் கப்ராவ்' வறுவலில் போடுவது கப்ராவ். அது நம் துளசி இனமேதான். சூடு பட்டால்தான் அதன் கார மணம் நன்றாக எழும். அதனால் கொதிக்கும் வாணலியில் கைநிறையப் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி எடுக்கிறார்கள். இதற்கு வதக்குதழை என்று மூன்றாவது சொல் வைக்கலாம்.

இதனால்தான் பேசிலைத் 'துளசி' என்று எழுதும் வழக்கத்தை நம் பட்டியல் கண்டிப்பாகக் கைவிட வேண்டும் என்கிறேன். துளசி வேறு இனம். பெஸ்தோ குறிப்பில் 'துளசி இரண்டு கைப்பிடி' என்று படித்துவிட்டு ஒருவர் மாடத்துத் துளசியை அரைத்தால், கிராம்பு நெடியும் கசப்புமாக வாயில் வைக்க முடியாது. பேசிலுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது: திருநீற்றுப்பச்சை, விபூதிப்பச்சிலை என்றும் சொல்வோம். சர்பத்தில் ஊறவைத்துப் போடும் சப்ஜா இந்த இனத்தின் விதைதான். ஆனால் நம் ஊர்ச் செடியில் எஸ்ட்ரகோல் என்ற மணப்பொருள் மிகுந்து சோம்பு வாசம் தூக்கலாக இருக்கும். ஜெனோவா வகை இளம் இலையில் அந்த வீச்சு இருக்காது. 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் 'பசிலிகோ ஜெனோவேசே' பெயருக்குத் தந்த பாதுகாப்பும் இந்தத் தனி மணத்தை ஒட்டியதே. ஆகவே தலைச்சொல் திருநீற்றுப்பச்சை. உட்பிரிவாக ஜெனோவா வகை, தாய்லாந்து வகை. 'பேசில்' என்று தேடி வருபவருக்கும் ஒரு சுட்டு இருக்கட்டும்.

> 'இறக்குதழை' என்றால் இறக்குமதித் தழை என்று நினைக்க மாட்டார்களா?

தனியாகப் பார்த்தால் தோன்றலாம். சமையல் குறிப்புக்குள் 'இறக்குதழையாகச் சேர்க்கவும்' என்று வரும்போது அந்தக் குழப்பம் எழாது. வேண்டுமானால் முதல் பதிப்பில் விளக்கத்தோடு இடலாம்.

பதிவின் வரைவு:

இறக்குதழை – அடுப்பை அணைத்தபின் அல்லது பாத்திரத்தை இறக்கும் தறுவாயில், மணத்துக்காகச் சேர்க்கும் பச்சைத் தழை. எ.கா. மல்லித்தழை, திருநீற்றுப்பச்சை. கையால் கிள்ளியோ, இலைகளை அடுக்கிச் சுருட்டிக் கூரான கத்தியால் ஒரே வீச்சில் அரிந்தோ சேர்க்கவும்; மழுங்கிய கத்தியால் நசுக்கினால் ஓரம் கறுக்கும்.

சேமிப்புக் குறிப்பையும் அதன் கீழேயே சேர்க்கலாம். மல்லித்தழையைப் போலத் திருநீற்றுப்பச்சையை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது; சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இலை கறுத்துத் துவண்டுவிடும். தண்டின் நுனியை வெட்டி, தண்ணீர் நிறைத்த டம்ளரில் நிறுத்தி அடுக்களை மேடையிலேயே வைக்கலாம். இந்தக் கறுப்புக்குக் 'குளிர்ச்சேதம்' என்ற சொல்லையும் முன்வைக்கிறேன்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பக்கம் சப்ஜா விதையைக் கசகசா என்கிறீர்கள். தமிழ்நாட்டில் கசகசா என்றால் குருமாவில் அரைத்து விடும் அபின்செடி விதை. பட்டியலில் இரண்டு பொருளையும் தரவா, அல்லது 'திருநீற்றுப்பச்சை விதை' என்று ஒரே சொல்லாக்கிவிடலாமா?