இத்தாலியப் பழைய ரோட் சைக்கிள்: செயின் பக்கத்து பி.பி. (பெடல் அச்சு பேரிங்) கப் கழன்றுகொண்டே இருக்கிறது

கேள்வி
வணக்கம். மிலானில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓட்டிய 1970களின் ரோட் சைக்கிள் இப்போது என்னிடம். கொலம்பஸ் குழாய், காம்பன்யோலோ நுவோவோ ரெக்கார்ட் பாகங்கள், பெயின்ட்கூட அதிகம் போகவில்லை. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் கீழே 'கட் கட்' என்று சத்தம். பால்ரஸ் புதிதாகப் போட்டு கிரீஸ் வைத்து மூடியும் கொஞ்ச நாளில் அதே ஆட்டம். செயின் பக்கத்து கப் கையாலேயே திரும்புகிறது! கடையில் 'மரை போச்சு, ஃப்ரேமே வீண்' என்கிறார்கள். நிஜமா?

இன்னொன்று, அக்டோபரில் லெரோய்காவில் (பழைய சைக்கிள்களுக்கான இத்தாலிய ஓட்டம்) ஓட்ட ஆசை. முன்னால் 52/42 பல், பின்னால் 13–21 பல். கியாந்தி மேடுகளுக்கு என்ன மாற்றலாம்?

பதில்
கப்பின் முகத்தில் ஏதாவது பொறித்திருக்கிறதா? ஷெல் (கப் ஏறும் ஃப்ரேம் குழாய்) அகலம் எவ்வளவு?

கேட்டவர்
36 x 24 என்று இருக்கிறது. ஷெல் 70 மி.மீ.

பதில்
அப்படியென்றால் அது இத்தாலிய மரை (36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை). ஃப்ரேமை இப்போதே கைவிட வேண்டாம். ஆங்கில வகையில் ஷெல் 68 மி.மீ., செயின் பக்கம் இடதுமரை. இத்தாலிய வகையில் இரண்டு பக்கமும் வலதுமரைதான். மிதிக்க மிதிக்க பால்ரஸ் உருண்டு, ஆக்சில் சுற்றும் திசைக்கு எதிராக கப்பைத் துளித்துளியாக நகர்த்தும். செயின் பக்கம் அது கழலும் திசை. மறுபக்கம் அதுவே இறுகும் திசை, போதாததற்கு அங்கே லாக் ரிங்கும் உண்டு. ஆகவே சுமாராக இறுக்கினால் கழலத்தான் செய்யும்.

ஆக்சிலை எடுத்துவிட்டு கப் மரை, ஷெல் மரை இரண்டிலும் கிரீஸைச் சுத்தமாகத் துடையுங்கள். மரையை நகத்தால் வருடிப் பாருங்கள். முகடு கூராக நகத்தில் தட்டினால் பிழைத்தது. மழுங்கி, உலோகத் துகள் உதிர்ந்தால் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. (மீதிப் பாதி பொய். மரையை நம்பாமல் ஷெல்லின் இரு ஓரங்களையும் கவ்விப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் வகை உண்டு.)

மரை நன்றாக இருந்தால் நீல லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) தடவுங்கள். சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்றுபவர் சபிப்பார். கப்பின் விளிம்பு மெல்லியது, சாதாரண ஸ்பேனர் வழுக்கி பெயின்ட்டைக் கீறிவிடும். தடித்த போல்ட் ஒன்றை வெளியிலிருந்து கப்புக்குள் விட்டு, இரு பக்கமும் பெரிய வாஷர் வைத்து, உள்ளே நட்டுப் போட்டுப் பிடித்துக்கொண்டு, போல்ட் தலையை வலதுபக்கமாகத் திருப்புங்கள். வாஷர் கவ்வியதும் கப்பும் சேர்ந்து திரும்பி இறுகும். ஒரு நாள் காயவிட்டு, பக்கத்துக்கு 11 கால் அங்குல பால்ரஸ். கிரீஸ் அவை ஓடும் பாதையில் மட்டும்.

இன்னொரு பதில்
கியருக்கு வருகிறேன். அந்த கிராங்கில் போல்ட் வட்டம் (பல்சக்கர போல்ட்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 144 மி.மீ., அதனால் முன்னால் 41 பல்லுக்குக் கீழே போக முடியாது. மாற்றம் பின்னால்தான். நுவோவோ ரெக்கார்ட் டிரெயிலியருக்கு (செயினைப் பல் மாற்றும் கருவி) 26 பல் வரை கணக்கு, 13–26 ஃப்ரீவீல் (பின்பல்சக்கரத் தொகுதி) போதும் என்பேன். செயின் நீளத்தைத் திரும்ப அளந்துகொள்ளுங்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் அந்தக் காலத்து நீளக் கூண்டு சன்டூர் டிரெயிலியர் போடலாம். ஜப்பான் சரக்கு, கியரும் இதைவிடச் சுளுவாக மாறும். தூய்மைவாதிகள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பின் ஃபோர்க்கை விரித்து 8 ஸ்பீடு வீல் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். லெரோய்காவுக்கு 1987க்கு முந்தைய சைக்கிள், கீழ்க்குழாயில் கியர் லீவர், டோ கிளிப் பெடல், ஹேண்டில்பாருக்கு வெளியே ஓடும் பிரேக் கேபிள், இதெல்லாம் வேண்டும். உங்களிடம் எல்லாமே இருக்கிறது.

கேட்டவர்
மரை கூராகவே இருக்கிறது! போல்ட் வைத்து இறுக்கியாயிற்று, காய்கிறது. பழைய ஃப்ரீவீல் ரெஜினா, இரண்டு காடி உள்ளது. எப்படிக் கழற்றுவது?

பதில்
அந்தக் காடிக்கு அச்சாகப் பொருந்தும் ரிமூவர் வாங்குங்கள், கிட்டத்தட்டப் பொருந்துவது உதவாது. குயிக் ரிலீஸ் கம்பியைக் கோத்து ரிமூவரை அழுத்திப் பிடிக்கும்படி இறுக்கிய பிறகே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் காடி பிய்ந்துவிடும். ரிமூவரை வைஸில் பிடித்து வீலையே இடதுபக்கம் திருப்பினால் பலம் கிடைக்கும். முதல் அசைவு வந்ததும் கம்பியைத் தளர்த்திவிட்டு மிச்சத்தைச் சுற்றி எடுங்கள்.